பொருக்கு எண் ஏழு

குழந்தையின் தலையில் பொருக்கு கட்டியிருந்தது. விஷயம் அவ்வளவுதான். மூன்று மாதக் குழந்தைகளுக்கு உச்சந்தலையில் மஞ்சளாக, காய்ந்த பசை மாதிரி செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. வலிக்காது. அப்படி ஒன்று தன் தலையில் இருப்பதே குழந்தைக்குத் தெரியாது. பார்க்கிற பெரியவர்களுக்குத்தான் கை பரபரக்கும்.

கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் அதற்காகப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. குளிப்பாட்டுவதற்கு முன்னால் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷால் லேசாக வருடி, தலைக்கு ஊற்றிவிடுவார்கள். வந்தது வந்தது, வராததைப் பிய்க்க மாட்டார்கள். கண்ணாடிக்காரர் நாள் முழுக்கக் கண்ணாடி வெட்டுகிறவர். எதில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். அதனால் பிரஷ் அவர் பொறுப்பு, எண்ணெய் மனைவியின் பொறுப்பு. அந்தக் கால் மணி நேரம் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து வேறு வேலை எதுவும் செய்யாமல் இருப்பார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு கால் மணி நேரம் வேறு கிடையாது.

தடுப்பூசி நாளன்று மனைவிக்குத் தொழிற்சாலையில் வேலை இருந்தது. அவள் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவு. பிரசவ விடுப்பு முடிய இரண்டு வாரம்தான் பாக்கி; திரும்பும் தேதியை எழுதிக் கொடுக்கப் போயிருந்தாள். கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நலவாழ்வு நிலையத்துக்குப் போனார்.

அங்கே நர்ஸம்மா ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கேட்டு நிரப்பினார். பதினான்காவது கேள்வி வந்தது.

"வீட்டு வைத்தியம் ஏதாவது செஞ்சீங்களா?"

"ஆமாங்க. தலையில எண்ணெய் தடவி, பிரஷால எடுத்துவிடறோம்."

நர்ஸம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"ஆமான்னா சொல்றீங்க?"

"ஆமாங்க."

"எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

"அவங்கல்லாம் செய்யறதில்லையா?"

"செய்வாங்க. இல்லைன்னு சொல்லுவாங்க." நர்ஸம்மா அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "நான் வேணா இன்னொரு தடவை கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டு வைத்தியம் ஏதாவது செஞ்சீங்களா?"

கண்ணாடிக்காரர் நல்லா யோசித்தார். "ஆமாங்க" என்றார்.

கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'தாய்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. தகப்பனுக்கு இடம் இல்லை. நர்ஸம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு எழுதினார்: தாய் (பொறுப்பு). அதற்குக் கீழே கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். அன்று ஊசி போடவில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பின்பக்கம் போகச் சொன்னார்கள்.

பின்பக்கத்தில் மூன்று அறைகள் இருந்தன. வாசலில் 'வீட்டு வைத்திய ஒழுங்குமுறைப் பிரிவு' என்று பலகை. ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். பிரிவு தொடங்கிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பதினான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று ஒரு படிவம் வந்தது அன்றைக்குத்தான். படிவத்தைப் பார்த்த எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். ஓய்வு பெற நான்கு மாதமே இருந்த இன்னொரு எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பார்க்காமலே போயிடுவேனோன்னு இருந்தேன்" என்றார்.

கண்காணிப்பாளர் கண்ணாடிக்காரருக்கு நாற்காலி போடச் சொன்னார். நல்ல குரல் அவருக்கு. மைக் இல்லாமலே மைக் வைத்த மாதிரி பேசினார்.

"பதினோரு வருஷமா ஒரு கேஸ்கூட வரலைன்னா, அது எங்க விழிப்புக்கு அடையாளம். இப்போ ஒண்ணு வந்திருக்குன்னா, விழிப்பு இன்னும் கூடியிருக்குன்னு அர்த்தம். நீங்க பயப்பட வேண்டாம். வீட்டு வைத்தியத்துக்கு நாங்க எதிரி இல்லை. அது வீட்டுல நடக்கக் கூடாது, அவ்வளவுதான் எங்க கொள்கை."

"அட்டை எப்பங்க கிடைக்கும்? அட்டை இல்லாம தொழிற்சாலைக் காப்பகத்துல குழந்தையைச் சேர்க்க மாட்டாங்க. வீட்டுக்காரி வேலைக்குத் திரும்பணும்."

"விசாரணை முடிஞ்சதும் கிடைக்கும்."

"விசாரணை எப்ப முடியும்?"

"தொடங்கினாத்தானே முடியும்" என்றார் கண்காணிப்பாளர், அன்பாக.

அந்த நேரத்தில் நிலையத்து டாக்டரம்மா ஏதோ காகிதம் தேடி அந்த அறைக்குள் வந்தார். குழந்தையின் தலையைப் பார்த்தார். விரல் நுனியால் தொட்டும் பார்த்தார்.

"இது நிறையக் குழந்தைங்களுக்கு வர்றதுதான். சில மாசத்துல தானா உதிர்ந்துடும். நீங்க செய்யறதே போதும். சிவந்து நீர் வடிஞ்சா, இல்லை முகத்துக்கெல்லாம் பரவினா கொண்டு வந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கண்காணிப்பாளர் அவர் போகும்வரை புன்னகையோடு காத்திருந்தார்.

"டாக்டரம்மா சொல்றது மருத்துவப்படி ரொம்பச் சரி. ஆனா நாம இப்போ குழந்தையைப் பத்திப் பேசலை. கோப்பைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். கண்காணிப்பாளர், இரண்டு எழுத்தர்கள், பக்கத்து அலுவலகத்திலிருந்து கடனாக வாங்கிய ஒரு நில அளவையர். வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. நால்வரும் உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரரும் மனைவியும் சமையல் மேடையை ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. எண்ணெய்ப் புட்டியின் வாயில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். பிரஷை ஓர் உறையில் போட்டு ஒட்டினார்கள். பாயை மட்டும், "இது பொதுப் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

பிறகு அளவையர் குழந்தையின் தலையை அளக்க உட்கார்ந்தார். பாவம், வயல்களை அளந்து பழகியவர். முதலில் வடக்கு எது என்று குறிக்காமல் வரைபடம் போட முடியாது என்றார். ஜன்னல் பக்கம் வடக்கு என்று வைத்துக்கொண்டார்கள். குழந்தை தலையைத் திருப்பியது. வடக்கு கிழக்காயிற்று. அழித்துவிட்டு மறுபடி போட்டார். குழந்தை அவருடைய அளவு நாடாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பியது. அரைமணி நேரத்துக்குப் பிறகு, குழந்தையின் மூக்கே வடக்கு என்று கண்காணிப்பாளர் முடிவு செய்து அதற்கு ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார்.

மொத்தம் பதினேழு பொருக்குகள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். உச்சிக்குழிக்குப் பக்கத்தில், அவரை விதை அளவில் இருந்தது எண் ஏழு. "இதுதான் பிரதானம்" என்றார் அளவையர், வெகு மரியாதையாக.

போகும்போது கண்காணிப்பாளர் உத்தரவை வாசித்தார். மறு உத்தரவு வரும்வரை இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும். குழந்தையின் காது மட்டத்துக்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

 சமையல் மேடையருகிலிருந்து மனைவி கேட்டாள்: "தலைக்கு ஊத்தாம எப்படிங்க?"

"ஊத்தலாம்மா. தண்ணி தொடலாம். கை தொடக் கூடாது."

"தூக்கும்போது தலையைத் தாங்கணுமே?"

"பிடரியில தாங்குங்க. பிடரி காதுக்குக் கீழதான். பார்த்துட்டோம்."

"முத்தம்?"

கண்காணிப்பாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார்.

"கன்னம் வரைக்கும்" என்றார் கண்காணிப்பாளர்.

அவர்கள் போன பிறகு மனைவி சிரிப்பாள் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். அவர் எதிர்பார்த்தபடி அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்கார்ந்தவர்கள் நகர்த்திய சாமான்களை இருந்த இடத்தில் எடுத்து வைத்தாள்.

விடுப்பு முடிந்தது. அவள் வேலைக்குப் போனாள். அட்டை இல்லாததால் குழந்தை கண்ணாடிக் கடைக்கு வந்தது. கண்ணாடிக் கடையில் கைக்குழந்தையை வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று வெட்டுகிறவனைக் கேட்டால்தான் தெரியும். ஒரு கீறல் போட்டுத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். அவர் முன்னறையில் பெட்டி ஒன்றில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்து, நடுக் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துணி திணித்துவிட்டு உள்ளே போய் வெட்டுவார். குழந்தை சிணுங்கினால் முழங்கை வரை மூன்று தடவை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வருவார். வருவதற்குள் குழந்தை அழுது களைத்துத் தூங்கியிருக்கும். மறுபடி உள்ளே போவார். ஜன்னலுக்கு அளவு கொடுத்தவர்கள் நாலு நாள் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

வாரம் ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் 'தாய் (பொறுப்பு) அவர்களுக்கு' என்று தட்டச்சு செய்திருக்கும். மனைவியைக் கடிதங்களில் 'தாய் (பணியில்)' என்று குறிப்பிட்டார்கள். நிபுணர் குழு அமைக்கப்படும் என்று முதல் கடிதம் சொன்னது. குழு அமைப்பதற்கான குழு அமைக்கப்பட்டதாக இரண்டாவது கடிதம் சொன்னது. மூன்றாவது கடிதம், முதல் இரண்டு கடிதங்கள் கிடைத்தனவா என்று கேட்டது.

கண்ணாடிக்காரர் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். ஆரம்பத்தில் நெஞ்சு படபடக்கப் போவார். பிறகு படபடப்பு நின்றுவிட்டது. பெஞ்சில் உட்காருவார், கூப்பிட்டால் எழுந்து போவார், நாளைக்கு வரச் சொன்னால் வந்த வழியே திரும்புவார். வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. மனைவி ரொட்டி வாசனையோடு வந்து குழந்தையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு இறக்கி வைப்பாள். குளிப்பாட்டும்போது தண்ணீரைத் தூரத்திலிருந்து ஊற்றுவார்கள். அந்தப் பாயில் துணி மடித்தார்கள். ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் கோபம் வரும், கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஆறாவது வாரத்தில் எண் ஏழு உதிர்ந்தது. தானாகத்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் காட்டினார்.

"தூக்கிப் போடுங்க."

"எண்ணி எழுதிட்டுப் போயிருக்காங்களே."

"பதினாறுன்னு பார்த்தா என்ன பண்ணுவாங்க? சொல்லாதீங்க. ஒரு தடவை உண்மையைச் சொன்னது போதாதா?"

அவள் சொன்னது சரி என்று அவருக்கும் தெரிந்தது. ஆனால் பொய் சொல்ல வேண்டுமென்றால் எதையாவது யோசிக்க வேண்டும். அவருக்கு யோசிக்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது. தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தார்.

கண்காணிப்பாளர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"சான்று இடம் பெயர்ந்திருக்கு" என்றார்.

"தானா விழுந்ததுங்க."

"தானான்னு எதுவும் நடக்கறதில்லை. அப்படி நடந்தா இவ்வளவு அலுவலகம் எதுக்கு?"

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பொருக்கு எண் ஏழு, யாருடைய அனுமதியின் பேரில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையை நோக்கி விழுந்தது என்று ஏழு நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்காரர், தெற்கு என்று எழுதினார். மூக்கு வடக்கு என்றால் தோள் பக்கம் தெற்காகத்தானே இருக்க வேண்டும். அந்தப் பதில் அலுவலகத்தில் நல்ல பெயரைப் பெற்றது.

ஒன்பதாவது வாரம் நிபுணர் குழு கூடியது. குழந்தையைப் பச்சைத் துணி விரித்த மேசையில் படுக்க வைத்தார்கள். ஐந்து பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். தலை சுத்தமாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. எலிமுடி மாதிரிப் புது முடி வரத் தொடங்கியிருந்தது.

ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு குழுத்தலைவர், "நோய் ஆஜராகலை" என்றார்.

அது பெரிய சிக்கல் என்று கண்காணிப்பாளர் கண்ணாடிக்காரருக்கு விளக்கினார். குணமாயிற்று என்று எழுதினால் எதனால் என்று எழுத வேண்டும். வீட்டு வைத்தியத்தால் என்று எழுத முடியாது, அது விசாரணையில் இருக்கிறது. நிலையத்து வைத்தியத்தால் என்றும் எழுத முடியாது, அப்படி எதுவும் செய்யவில்லை. தானாக என்பதற்குக் கட்டமே இல்லை. கோப்பை மூட வேண்டுமென்றால் குழு பொருக்கைக் கண்ணால் பார்த்து, சிகிச்சை சொல்லி, அது இங்கே நடந்து முடிய வேண்டும்.

"அதான் போயிடுச்சேங்க."

"உங்க குழந்தைக்குப் போயிடுச்சு" என்றார் கண்காணிப்பாளர். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதப் பாருங்க, நான் மனசாட்சி உள்ளவன். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. விதியில எங்கயும் குழந்தைன்னு போடலை. 'தொடர்புடைய தலை'ன்னுதான் போட்டிருக்கு. ஒரு தலையைக் கொண்டு வாங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தாள். அவளுக்கு நாலு மாதத்தில் ஒரு பையன். தலை நிறையப் பொருக்கு. விஷயத்தைச் சொன்னதும் அவள் மெஷினை நிறுத்தினாள்.

"என் புள்ளையையும் பிடிச்சு வச்சுக்குவாங்களாண்ணே?"

"உன் பேரே வராது. தலை மட்டும்தான் கேட்டாங்க."

"உங்களைப் பார்த்தா எனக்கே என்னவோ போல இருக்கு. ஒரு மாசமா முகத்துல ஈயாடலை." அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்க. அரை நாள்தானே."

அன்றைக்கு நிலையத்தில் தோரணம் கட்டாத குறை. பதினோரு வருடத்தில் பிரிவு முடிக்கப்போகிற முதல் கோப்பு. மாவட்டத்திலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். குழு பையனின் தலையைப் பார்த்தது, இருபத்திரண்டு எண்ணியது, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டது. "இடைப்பட்ட காலத்தில் ஐந்து கூடியுள்ளது. தாமதித்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும்" என்று குழுத்தலைவர் எழுத வைத்தார். பிறகு சிகிச்சை சொன்னார். இரண்டு சொட்டு எண்ணெய். கால் மணி நேரம் ஊற வேண்டும். மெத்தென்ற பிரஷ்.

ஆய்வன்று கண்ணாடிக்காரர் வீட்டிலிருந்து பிரிவுக்காரர்கள் எடுத்துப் போயிருந்த புட்டியின் அரக்கை உடைத்து, அதே எண்ணெயைத் தட்டில் ஊற்றி, மேலதிகாரி தன் கையாலேயே தடவினார். எல்லாரும் கை தட்டினார்கள். கால் மணி நேரம் ஊறவேண்டுமே, அந்த நேரத்தில் கண்காணிப்பாளர் பேசினார்.

"மக்கள் அறியாமையால வீட்டுல செய்யறதை, நாங்க அறிவியல்படி ஒன்பது பேர் சேர்ந்து செய்யறோம். வீட்டுல கால் மணி நேரம் ஆகுது. இங்க பதினோரு வாரம் ஆச்சு. தரம்னா அதுதான் வித்தியாசம். இந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகித் தலையைத் தடவிப் பார்க்கும்போது, அரசாங்கத்தோட கை அங்க இருந்ததை நினைச்சுக்கணும்."

"பொண்ணுங்க" என்றார் கண்ணாடிக்காரர், தன் மடியிலிருந்த மகளைக் காட்டி. யாரும் கவனிக்கவில்லை. பையன் மேலதிகாரியின் மேல் சிறுநீர் கழித்தான். அதையும் குறிப்பேட்டில், 'குழந்தை ஒத்துழைத்தது' என்று எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அட்டை கைக்கு வந்தது. கோப்பு முடிந்தது என்று முத்திரை குத்தி, விட்டுப்போன ஊசியையும் போட்டு அனுப்பினார்கள். ஊசி மட்டும் சரியான குழந்தைக்குப் போட்டார்கள். அது நர்ஸம்மா பார்த்துக்கொண்டது. தையல்காரம்மா பையனின் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். "எங்க வீட்டு எண்ணெய் இதைவிட நல்லா இருக்கும்ணே" என்றாள்.

வீட்டில் மனைவி அட்டையைத் திறந்து பார்த்தாள். அதில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. விழாவில் எடுத்தது. எண்ணெய் வழிய, வாயைப் பிளந்துகொண்டு, தையல்காரம்மாவின் பையன்.

"இது நம்ம பாப்பா இல்லையே."

"ஆமா."

"போய்க் கேக்கலாமா?" என்று சொல்லிவிட்டு அவளே அட்டையை மூடினாள். "வேண்டாம்."

மறுநாள் காப்பகத்தில் இருந்த ஆயா படத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "வளர்ந்துட்டா இல்லே?" என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டாள்.

அன்று கண்ணாடிக்காரர் நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி வெட்டினார். மூன்று ஜன்னல் முடித்தார். சாயங்காலம் மனைவி குழந்தையோடு வந்தாள். பாயை விரித்து நடுவில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுக் கால் நீட்டினாள். குழந்தை இப்போது கையூன்றி உட்காரப் பழகியிருந்தது. ஆடி ஆடி நிமிர்ந்திருக்கும், பிறகு சாயும்.

"தலையைத் தொடலாம்ல இனிமே?" என்றாள் மனைவி.

"கோப்பு முடிஞ்சிடுச்சே. தொடலாம்."

"உத்தரவு ஏதும் வந்துச்சா?"

"தனியா ஒண்ணும் வரலை."

இருவரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையை நீட்டினார். கன்னம் வரை போயிற்று, காது வரை போயிற்று, அங்கே தானாக நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி நீட்டினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மனைவி அதைப் பார்த்தாள். தன் கையையும் நீட்டிப் பார்த்தாள். அதுவும் போகவில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

குழந்தைக்கு ஊன்றியிருந்த கை வழுக்கியது. பக்கவாட்டில் சாய்ந்து, நேராக வந்து அவருடைய உள்ளங்கையில் தலை விழுந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. சூடாக இருந்தது. முடி குறுகுறுத்தது. விரலுக்கடியில் உச்சிக்குழி மெதுவாக ஏறி இறங்கியது. முதலில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெறும் கனம் மட்டும்தான் தெரிந்தது. குழந்தை நிமிரவும் முயலவில்லை. அந்தக் கையே தனக்கு இடம் என்பதுபோல அப்படியே சாய்ந்துகொண்டு, கட்டை விரலைச் சப்பத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி, "என்னங்க?" என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொரு கை இருந்தது. ஆனால் அதை எடுத்துத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நகராதே. தூங்கப்போறா" என்றார்.